மத்முவாசெல் கேட்ட சாட்சி

லாஸ்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில் அன்று ஹால் டிக்கெட் கொடுக்கும் நாள். ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பாதிப் பேர் கட்டணம் கட்டிய ரசீதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து என்னோடு வாதாடிக் கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் கைப்பேசி அடித்தது. என் கணவர் ஆல்பேர். வேலை நேரத்தில் அழைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "மத்முவாசெல்..." என்று மட்டும் சொன்னார். பிறகு அவர் மூச்சு விடுவதுதான் கேட்டது.

மருத்துவமனையில் நான் மத்முவாசெலைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அன்றைக்கும் ஊசி போட வந்த நர்சிடம் கை கழுவியாயிற்றா என்று அதட்டிக் கேட்டவர் அவர். அப்படிப்பட்டவர் போய்விட்டார் என்பதை மனம் ஒப்பவில்லை. உடனே எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் நிற்கிற பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனேன் என்று தெரிந்தால் முதலில் திட்டுகிறவரும் அவராகத்தான் இருந்திருப்பார். வரிசை முடியும் வரை உட்கார்ந்து கொடுத்தேன். பிறகு கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகே கிளம்பினேன்.

மத்முவாசெல் பிலோமினைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளில் பலர் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய், உழைத்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்புவார்கள். அப்படிப் போய்த் திரும்பிய ஒரு சில பெண்களில் அவர் ஒருவர். இளம் வயதில் போனவர், பட்டாளத்தின் சம்பளப் பிரிவில் பணியாற்றி, சர்ஜான், அதாவது சார்ஜென்ட் பதவியில் ஓய்வு பெற்று வந்தார். அக்காளைப் பார்த்துக்கொள்வதற்காக வந்தார். அக்காள் காலமான பிறகும் கருவடிக்குப்பத்தில் அதே வீட்டிலேயே இருந்துவிட்டார்.

திருமணம் செய்துகொள்ளவில்லை. மணமாகாத பெண்ணைப் பிரெஞ்சில் மத்முவாசெல் என்பார்கள். அதனால் அறுபது வயதைத் தாண்டிய பிறகும் ஊர் முழுவதற்கும் அவர் மத்முவாசெல்தான். யாராவது புதியவர்கள் மரியாதையாக "அம்மா" என்று தொடங்கினால், "நான் யாருக்கும் அம்மா கெடையாது. மத்முவாசெல்னு கூப்புடு, இல்ல பேரச் சொல்லிக் கூப்புடு" என்பார். பருத்திப் புடவையும் காலில் கான்வாஸ் ஷூவுமாக ஸ்கூட்டியில் போவார். மாதா கோயில் பாடகர் குழுவில் யார் சுருதி விலகினாலும் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே இரண்டு பேர் குழுவை விட்டு நின்றுவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. சிறுமியாக இருந்தபோது நானும் அவரைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன். பின்னாளில் என் குடும்பத்துக்கு அவர் என்னவாக ஆனார் என்பதை நினைக்கும்போது, அந்தத் தூணை நினைத்துச் சிரிப்பு வருகிறது.

பட்டாளத்தில் ஒப்பந்தம் போடும்போது ஒரு சேர்க்கைப் பணம் கொடுப்பார்கள். எங்கள் வீடுகளில் அதற்கு 'ப்ரீம்' என்று பெயர். இத்தனை வருடம் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டதற்காகக் கொடுப்பது அது. சொன்ன காலத்துக்கு முன்னால் சொந்த விருப்பத்தில் வெளியே வந்தால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். பணியில் அடிபட்டு, உடம்பு ஆகாது என்று பட்டாளமே அனுப்பினால் கட்ட வேண்டியதில்லை. விதி அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊர்ப் பையன்கள் யாரும் ப்ரீம் பணத்தைக் கையில் வைத்திருப்பதில்லை. வந்த மாதமே அது ஊருக்கு வந்து, தங்கை கல்யாணமாகவோ, அப்பாவின் கடனாகவோ, வீட்டுக்கு மாடியாகவோ ஆகிவிடும். திருப்பிக் கட்டு என்று கடிதம் வந்தால் மாடியை இடித்தா கொடுப்பது?

அப்படிக் கடிதம் வந்தவர்கள் எல்லாம் போய் நின்ற இடம் மத்முவாசெலின் வீட்டு வராந்தா. காசு வாங்க மாட்டார். வந்தவர்களுக்கு முதலில் காப்பியும் ரொட்டியும் வரும். கடிதத்தை நீட்டினால் வாங்க மாட்டார். "காயிதத்த உள்ள வையி. அது என்னா சொல்லும்னு எனக்குத் தெரியும். நீ வாயால சொல்லு" என்பார். சொல்வதைப் பாதியில் நிறுத்தி, சம்பந்தமே இல்லாத மாதிரி ஏதாவது கேட்பார். அங்கே யாரோடு தங்கியிருந்தாய், சாப்பாடு ஒத்துக்கொண்டதா, ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வாய் என்றெல்லாம் கேட்பார். கடைசியில்தான் கடிதத்தைத் திறப்பார்.

அவர் எல்லோருக்காகவும் வாதாடியவர் என்று நான் எழுதினால் அது பொய். ஒரு பையன் அங்கே ஒரு ரொட்டிக்கடையில் கூடுதல் சம்பளம் கிடைத்தது என்று பட்டாளத்தை விட்டு வந்தவன். முதுகுவலி என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டான். மத்முவாசெல் அவனை உட்காரவைத்து இன்னொரு ரொட்டியைக் கொடுத்து, "நீயா ஆசப்பட்டுத்தான் வந்த. கட்டு. ஒரே தவணையில கட்ட முடியாதுன்னு வேணா எழுதித் தரேன்" என்றார். அவனுக்கு முகம் தொங்கிப் போயிற்று. ஆனால் தவணைக்கு அவர் எழுதிய மனு பலித்தது. இறுதிச் சடங்குக்கு அவனும் வந்திருந்தான்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். என் அப்பா சவேரிநாதன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் முழுக் காலமும் இருந்து சர்ஜானுக்குக் கீழ்ப்பதவியான கப்ராலாக ஓய்வு பெற்றவர். முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில், ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்கள் மாலையில் இரும்புக் குண்டுகளை உருட்டி பெத்தாங் ஆடுவார்கள். ஊரில் யார் வீட்டுப் பெண்ணை யாருக்குக் கொடுக்கலாம் என்பது பாதிக்குமேல் அந்த மைதானத்தில்தான் முடிவாகும். எனக்குப் பார்த்தது ஆல்பேரை. அப்போது அவர் பிரான்சில் பட்டாளத்தில் இருந்தார். பேச்சு நடந்துகொண்டிருந்த சமயத்தில், அப்பா குண்டைக் கையில் உருட்டிக்கொண்டே நாலு பேர் நடுவில் ஒரு வார்த்தை சொன்னார். "பட்டாளத்த விட்டு வந்தவன்னாகூட யோசிப்பேன். ரெஃபோர்மேவுக்கு மட்டும் எம் பொண்ணக் குடுக்க மாட்டேன்."

ரெஃபோர்மே என்றால், உடம்பு தகுதியில்லை என்று பட்டாளம் திருப்பி அனுப்பியவர். எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். ஊனம் என்பார்கள். குடும்பத்துக்கே ஆகாது என்பார்கள். அதனால் அடிபட்டு வந்த பிள்ளைகள்கூடக் குளிர் பிடிக்கவில்லை, அதிகாரியோடு சண்டை என்று வேறு காரணம் சொல்லிக்கொள்வார்கள். வெளிநாட்டில் சம்பாதித்த வேலையைச் சும்மா தூக்கி எறிந்தவன் என்ற பெயரைத் தாங்கிக்கொள்வார்கள். ரெஃபோர்மே என்ற பெயரைத் தாங்க மாட்டார்கள். எங்கள் மக்களின் கிறுக்குத்தனங்களில் இதற்கு முதல் இடம் கொடுப்பேன்.

எங்கள் கல்யாணத்துக்குச் சில மாதங்கள் முன்னால் ஆல்பேர் ஊருக்கே வந்துவிட்டார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அப்பா சிரித்தார். "குளிருக்குப் பயந்த மாப்புள்ள" என்று கேலி செய்தாரே தவிர, கல்யாணத்தை நிறுத்தவில்லை. ஆல்பேருக்கு நல்ல பிரெஞ்சு வரும் என்பதால் ஊருக்குள் ஒரு ஓட்டலில் வரவேற்பில் வேலை கிடைத்தது. ப்ரீம் பணத்தில் அவர் அம்மா வீட்டுக்கு மேலே ஒரு மாடி எழுப்பியிருந்தார். அதில்தான் குடியிருந்தோம். மகள் பிறந்தாள். நன்றாகத்தான் இருந்தோம்.

ஒரு நாள் அவருடைய பைக்கைக் காணோம். விற்றுவிட்டேன், பஸ்ஸில் போனால் உடம்புக்கு நல்லது என்றார். அடுத்து, என் சங்கிலியை வங்கியில் அடகு வைக்கட்டுமா என்று கேட்டார். சூதாட்டமா, வேறு பெண்ணா என்றெல்லாம் மனம் அலைந்தது. துருவித் துருவிக் கேட்டதில் ப்ரீம் பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்த கடிதத்தைக் காட்டினார். சில மாதங்களாக எனக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மீதியைக் கட்டி முடிக்க வேண்டுமென்றால் மாடியைப் போக்கியத்துக்கு விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு மாமியார் வீட்டு ஒற்றை அறைக்கு இறங்க வேண்டும். "கொஞ்சம் குளிர் தாங்க முடியலன்னு வந்ததுக்கு இவ்வளவு தண்டமா?" என்று நான் அவரைக் கேட்காத கேள்வி இல்லை. தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். என் அப்பாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்றார்.

அம்மாதான் ரகசியமாக என்னைக் கருவடிக்குப்பத்துக்கு அனுப்பினார். காப்பி, ரொட்டி, "காயிதத்த உள்ள வையி" எல்லாம் எனக்கும் நடந்தது. நான் அழுதுகொண்டே சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு மத்முவாசெல் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா செலின், ஒன் வூட்டுக்காரரு பூசையில ஏன் கதவாண்டயே நிக்கிறாரு?" என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நாங்கள் எல்லோரும் ஒரே கோயிலுக்குத்தான் போவோம். நடுப்பூசையில் மணி அடிக்கும்போது அத்தனை பேரும் முழந்தாளிடுவார்கள். ஆல்பேர் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல் கதவோரம் போய் நின்றுவிடுவார். குழந்தை அழுகிறாள் என்பார். அவள் பொம்மை மாதிரித் தூங்கிக்கொண்டிருப்பாள். பக்தி போதாத மனிதர் என்று எனக்கு அவர்மேல் ஒரு மனக்குறை உண்டு. அதைத்தான் மத்முவாசெலிடம் சொன்னேன்.

"பக்தி இல்லாதவன் கோயிலுக்கே வரமாட்டான், வூட்டுல தூங்குவான்" என்றார் மத்முவாசெல். "வாரா வாரம் வந்து கதவாண்ட நிக்கிறவனுக்கு முட்டியிலதான் ஏதோ கோளாறு. நாளைக்கி அவர இட்டுகினு வா."

இழுத்துக்கொண்டுதான் போனேன். ஆல்பேர் வராந்தாவில் நின்று வணக்கம் சொன்னார். மத்முவாசெல் பதில் வணக்கம் சொல்லிவிட்டு, குசலம்கூட விசாரிக்காமல், "எந்த முட்டி?" என்றார்.

ஆல்பேர் என்னைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். "வலது" என்றார்.

பயிற்சியின்போது லாரியிலிருந்து குதித்ததில் முட்டி திரும்பிவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். முழுசாகச் சரியாகவில்லை. உடல் தகுதியைப் பார்த்து முடிவு சொல்லும் மருத்துவக் குழுவின் முன்னால் போக வேண்டிய நேரத்தில்தான், பெத்தாங் மைதானத்தில் அப்பா சொன்ன வார்த்தை ஆல்பேரின் சித்தப்பா மூலமாகப் போனில் அவருக்கு எட்டியிருக்கிறது. குழுவின் முன்னால் போனால் ரெஃபோர்மே. போகாமல் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் குளிருக்குப் பயந்த மாப்பிள்ளை. என்னைப் போட்டோவில் மட்டுமே பார்த்திருந்த மனிதர், இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கையெழுத்துப் போட்ட மறுகணமே அந்த ப்ரீம் அவருடைய பணம் இல்லை என்று ஆகிவிட்டது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா நீ மாமாகிட்ட சொல்லியிருப்ப" என்றார்.

சொல்லியிருப்பேன்தான். கல்யாணமான புதிதில் அப்பா கேட்டால் நான் மறைத்திருக்க மாட்டேன். நாள் முழுவதும் ஓட்டலில் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் தண்டச்செலவு என்று பேச்சும் வாங்கிய அந்த முட்டியை நினைத்து அழுதேன். மத்முவாசெல் அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. "அழுவறது, சண்ட போடறது எல்லாம் வூட்டுல போயி வச்சிக்குங்க. இங்க வேல இருக்கு" என்றார்.

பிறகு நிதானமாக எங்களுக்குப் புரியவைத்தார். "இந்தக் காயிதம் எழுதற நாற்காலியில நான் உக்காந்திருக்கேன். எழுதறவனுக்கு ஒம் மேல கோவம் ஒண்ணும் கெடையாது ஆல்பேர். அவனுக்கு ஒன்னத் தெரியவே தெரியாது. விருப்பப்பட்டு விலகினான்னு ஒரு தாள் இருக்கு, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். நாமதான் தெரியப்படுத்தணும்." அடிபட்டதற்கு ஆஸ்பத்திரிக் காகிதம் இருக்கிறது. பார்த்த நண்பர்கள் இருக்கிறார்கள். ஆனால் அடிபட்டவன் ஏன் தானாக விலகினேன் என்று எழுதிக் கொடுத்தான் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லக்கூடிய சாட்சி உலகத்தில் ஒருவர்தான். அந்த வார்த்தையைச் சொன்ன என் அப்பா.

ஆல்பேர் எழுந்துவிட்டார். "வேணாம் மத்முவாசெல். நான் கட்டிடறேன். மாமாவுக்குத் தெரிய வேணாம்."

"எத்தினி வருசம் கட்டுவ? ஒம் பொண்ணு கல்யாணம் வரைக்குமா?" என்றார் மத்முவாசெல். "அப்ப அவளுக்கும் எவனாவது காலை மறச்சிகினு வந்து மாப்புள்ளையா நிக்கணும், அதான ஒனக்கு வேணும்?"

ஆல்பேர் மறுபடி உட்கார்ந்தார். அவர் முகத்தில் அன்று நான் பார்த்த பயம், கடனைப் பற்றிய பயம் அல்ல.

அந்த வாரமே மத்முவாசெல் ஸ்கூட்டியில் எங்கள் அப்பா வீட்டுக்கு வந்தார். நானும் அம்மாவும் சமையலறையில் நின்றுகொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். அவரைப் பார்த்ததும் அப்பா எழுந்து நின்றார். சர்ஜான் வந்தால் கப்ரால் எழுந்துதானே நிற்க வேண்டும்? ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆன பிறகும் அது அவர் ரத்தத்தில் இருந்தது. மத்முவாசெல் அந்த மரியாதையைக் கொஞ்சநேரம் அப்படியே நிற்கவிட்டு, "உக்காருங்க கப்ரால்" என்றார். அதற்குப் பிறகுதான் அப்பா உட்கார்ந்தார்.

மத்முவாசெல் எதையும் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். அப்பா ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. முடிவில், "அப்ப எம் பொண்ண ஏமாத்திக் கட்டிகினாரு" என்றார்.

"ஏமாத்தினாரு. நெசந்தான்" என்றார் மத்முவாசெல். "ஒங்களுக்குப் பயந்து ஏமாத்தினாரு. ஒங்க பொண்ணு வேணும்னு ஏமாத்தினாரு. இவ்வளவு பணத்தக் குடுத்து எவன் பொண்ணு எடுப்பான், சொல்லுங்க கப்ரால். நான் சண்ட போட வரல. நீங்க மைதானத்துல சொன்ன வார்த்தைய, சொன்னேன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். அதக் கேட்டுத்தான் வந்தேன்."

அப்பா எழுதித் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மத்முவாசெல் காப்பியைக் குடித்து முடித்து, அம்மாவிடம் மீன் குழம்புக்கு எங்கே மீன் வாங்குகிறீர்கள் என்று விசாரித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு அப்பா மைதானத்துக்குப் போவதை நிறுத்தினார். எங்கள் வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினார். நான் போனால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். நான் கருவடிக்குப்பத்துக்குப் போய்ப் புலம்பினேன். "சும்மா இரு. வெந்துகினு இருக்கு. மூடியத் தொறந்து தொறந்து பாக்காத" என்றார் மத்முவாசெல்.

வெந்தது. ஒரு காலையில் அப்பா தானாகவே பஸ் ஏறிக் கருவடிக்குப்பத்துக்குப் போயிருக்கிறார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தாராம். அதைக் கொடுக்கும்போது அவர் சொன்னதை மத்முவாசெல் எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினார். "நான் சொன்னது சரின்னு நெனச்சித்தான் சொன்னேன். இப்பவும் பாதி அப்பிடித்தான் தோணுது. ஆனா நான் பேசுனதுக்கு அந்தப் புள்ள பணம் கட்டறது ஞாயம் இல்ல. எழுதிட்டேன். இது இந்தக் காயிதத்தோட போகட்டும் மத்முவாசெல். மைதானத்துல யாருக்கும் தெரிய வேணாம்."

மத்முவாசெல் அதற்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். கடைசி வரை காப்பாற்றினார். நாங்களும் காப்பாற்றினோம். அப்பா மறுபடி வீட்டுக்கு வரத் தொடங்கினார். பேத்தியைத் தூக்கிக் கொஞ்சுவார். ஆல்பேரிடம் மழையைப் பற்றியும் தேர்தலைப் பற்றியும் பேசுவார். முட்டியைப் பற்றி ஒரு சொல் வராது. ஆல்பேர் மாடிப்படி இறங்கும்போது மட்டும் அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

மனு போயிற்று. முதலில் மறுப்பு வந்தது. கையெழுத்து கையெழுத்துதான் என்று பதில். நான் உடைந்து போனேன். மத்முவாசெல் கொஞ்சமும் கலங்கவில்லை. "மொத தடவ இல்லன்னு சொல்றது அவங்க வேல. மறுபடி கேக்கறது நம்ப வேல" என்று சொல்லி, இங்கே ஒரு எலும்பு டாக்டரிடம் ஆல்பேரை அழைத்துப் போய் ஸ்கேன் எடுக்கவைத்து, பட்டாளத்து நண்பர்களிடம் மறுபடி எழுதி வாங்கி, அப்பாவின் சாட்சியை மேலே வைத்து, மேல் அதிகாரிக்கு அனுப்பினார். நீண்ட காத்திருப்புக்குப் பிறகு பதில் வந்தது. மீதியைக் கட்ட வேண்டியதில்லை. கட்டியது கட்டியதுதான், திரும்ப வராது.

எங்களுக்கு அதுவே போதும். மாடி எங்களுடையது. சங்கிலி என் கழுத்தில் இருக்கிறது. பலகாரப் பொட்டலத்தோடு கருவடிக்குப்பத்துக்கு ஓடினோம். மத்முவாசெல் கடிதத்தை இரண்டு முறை படித்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "கட்டினத ஏன் தரமாட்டானாம்?" என்று கோபப்பட்டார். "எங்களுக்குப் போதும் மத்முவாசெல்" என்றார் ஆல்பேர். "எனக்குப் போதாது" என்றார் அவர். பின்னாளில் அவர் உயிரைக் கொண்டுபோன நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகும், அந்தப் பணத்துக்காக இன்னொரு மனுவை எழுதத் தொடங்கியிருந்தார்.

ஏன் இவ்வளவு பாடு படுகிறீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். அப்போது பலகாரத்தை ருசி பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க ஆபீசுல காயிதத்துல எத்தினியோ பேரு வரும். சில பேரப் பாத்தாலே நம்ப ஊருன்னு தெரிஞ்சிடும். ஆனா அந்த நாற்காலியில உக்காந்துகினு எந்தப் பேரையும் தனியா பாக்கக்கூடாது. அது சரியும்தான். இங்க வந்தப்புறம் பாக்கலாமில்ல?" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. பலகாரத்தில் சர்க்கரை அதிகம் என்றார்.

அவருக்கு நாங்கள் செய்தது கொஞ்சம்தான். சிகிச்சை நாட்களில் ஆல்பேர் ஓட்டல் வேலை முடிந்து மருத்துவமனைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இருவரும் பிரெஞ்சில் பட்டாளத்துச் சமையலைத் திட்டிச் சிரிப்பார்கள் என்று நர்சு சொன்னார். தன் பிள்ளைகள் என்று அவருக்கு யாரும் இல்லை. ஆனால் கடைசி வாரங்களில் வாசலில் பார்வையாளர்களை முறை வைத்துத்தான் உள்ளே விட்டார்கள். ப்ரீம் கடிதம் வந்த வீடுகள் இந்த ஊரில் இத்தனையா என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நல்லடக்கத்தன்று கோயில் நிறைந்திருந்தது. பெத்தாங் மைதானத்துக்காரர்கள் எல்லோரும் கோட்டு அணிந்து வந்திருந்தார்கள். பூசை முடிந்து பெட்டியைத் தூக்கும் நேரம். மைதானத்தில் எப்போதும் அப்பாவுக்கு எதிராக ஆடுகிற பழைய நண்பர் ஒருவர், வாட்டசாட்டமாக நின்ற ஆல்பேரைப் பார்த்து, "மாப்புள்ள, நீங்க முன்னாடி புடிங்க, வாங்க" என்று கை காட்டினார். ஆல்பேர் தயங்கினார். கோயில் வாசலில் படிகள் இருந்தன. பாரத்தோடு அந்த முட்டியால் படி இறங்க முடியாது. முடியாது என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. நான் பெண்கள் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்பா முன்னால் வந்தார். கூட்டத்துக்கு நடுவில், தன் மைதானத்து நண்பர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "அவர வுடுப்பா. பட்டாளத்துல முட்டி போயிடுச்சி அவருக்கு. எம் மாப்புள்ள ரெஃபோர்மே."

அப்பா தன் கோட்டைக் கழற்றி ஆல்பேரின் கையில் கொடுத்தார். "நான் புடிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு, அந்த முன் மூலையில் தன் தோளைக் கொடுத்தார். பெட்டி உயர்ந்தது. அப்பா மெதுவாக, படி படியாக இறங்கினார். ஆல்பேர் அந்தக் கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, நொண்டிக்கொண்டே பின்னால் போனார். இத்தனை வருடத்தில் அவர் மறைக்காமல் நொண்டி நான் பார்த்தது அன்றுதான்.

மத்முவாசெல், நீங்கள் என் அப்பாவிடம் ஒரு சாட்சிதான் கேட்டீர்கள். இன்னொன்றை அவர் தானாகவே, யாரும் கேட்காமல், ஊர் முன்னால் சொன்னார். அப்போது நீங்கள் அவர் தோள்மேல் இருந்தீர்கள். உங்களுக்குக் கேட்டிருக்கும் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டில் இப்போது யாரும் யாரையும் பார்க்காமல் வேறு பக்கம் திரும்புவதில்லை. நன்றி. நிம்மதியாகப் போய் வாருங்கள்.